இணையப் பெயரேட்டில் நம் ஊரின் இடம்

கோவை காந்திபுரம் மத்தியப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கும் வெளியூரார் ஒருவர் பொள்ளாச்சிக்குச் செல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பலகை தாங்கிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பொள்ளாச்சிக்கு வண்டியே இல்லையோ என்று அவர் திகைக்கிறார். வண்டி இல்லாமல் இல்லை. அது பெரும்பாலும் உக்கடத்திலிருந்து புறப்படுகிறது. மேட்டுப்பாளையம், உதகை வண்டிகளுக்கு மேட்டுப்பாளையம் சாலை நிலையம். மதுரை, திருச்சி வண்டிகளுக்குச் சிங்காநல்லூர். உள்ளூராருக்கு இது பழகிய செய்தி. புதியவருக்கோ எவரேனும் எடுத்துச் சொன்னாலன்றி விளங்காது. வண்டி ஓடுவது ஒன்று. அது எங்கே நிற்கிறது என்பதை வேண்டியவர் அறிந்துகொள்வது வேறொன்று.

இணையதளங்களின் நிலையும் இதுவே. நம் வட்டாரத்தில் தென்னை விவசாயிகள் ஒன்று கூடி நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று உண்டு. கொப்பரையும் செக்கெண்ணெயும் அதன் சரக்கு. நிறுவனத்தார் நகரத்திலுள்ள ஓர் அலுவலகத்தை அணுகிப் பொருள் செலவிட்டு ஓர் இணையதளம் அமைத்தனர். தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. நாமும் மேடையேறி, இன்று முதல் உலகமே உங்கள் தோப்பைப் பார்க்கும் என்று பேசிவிட்டு வந்தோம். ஓராண்டு சென்றது. தளத்தின் வழியாக ஒரு விசாரணைகூட வரவில்லை. "கடை போட்டாச்சுங்க, வாசல் எந்தப் பக்கம்னுதான் யாருக்கும் தெரியலீங்க" என்று நிறுவனத் தலைவர் சொன்னபோது, நம் விழாப் பேச்சை நினைத்து நாணினோம்.

பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தோம். நிறுவனத்தின் பெயரைத் தேடினால், அதே போன்ற பெயருடைய வேறொரு மாவட்டத்து நிறுவனமே முதலில் தோன்றியது. கூகுள் வரைபடத்தில் நம் நிறுவனத்தின் பெயரில் ஒரு குறிப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதிலிருந்த கைப்பேசி எண், எட்டுத் திங்களுக்கு முன் வேலையை விட்டுத் திருப்பூருக்குச் சென்றுவிட்ட ஓர் இளைஞருடையது. அவர்மீது குற்றமில்லை. நிறுவனத்திற்கெனத் தனி எண் இல்லாத நாளில் தம் எண்ணைக் கொடுத்து உதவியவர் அவர். வெள்ளகோவில் பக்கத்து எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து இருமுறை அழைத்துக் கொப்பரை இருப்பைக் கேட்டார்கள் என்றும், தாம் அங்கு இப்போது இல்லை என்று சொல்லி வைத்துவிட்டதாகவும் அவர் தெரிவித்தார். அதே வாரங்களில்தான் உலர்களத்தில் கிடந்த கொப்பரையை, மழைக்கு அஞ்சி, வந்த விலைக்கு நிறுவனத்தார் விற்றிருந்தனர்.

ஆகவே தளம் அமைப்பதோடு வேலை முடிவதில்லை. தளமும் அதன் உரிமையாளரும் உரிய பெயரேடுகளில் சரியாகப் பதிவு பெறவேண்டும். நிலம் உழுதவருடையதாயினும் பட்டாவிலும் அடங்கலிலும் பெயர் பிழையாக இருந்தால் என்ன பாடு படவேண்டியிருக்கிறது என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

இணையப் பெயரேடு என்பது யாது? பழைய டெலிபோன் டைரக்டரியில் பெயரும் எண்ணும் அகர வரிசையில் இருந்ததுபோல, இணையதளங்களின் பெயர், முகவரி, சிறு விளக்கம் ஆகியவற்றைத் துறைவாரியாகவும் ஊர்வாரியாகவும் தொகுத்து வைக்கும் பட்டியலே அது. வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீயே 1991இல் அத்தகைய ஒரு பட்டியலைத் தொடங்கினார். 1994இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், ஜெர்ரி யாங், டேவிட் பைலோ என்போர், தாம் விரும்பிய தளங்களைக் குறித்துவைக்கத் தொடங்கியதே யாஹூ என்னும் பெரும் பெயரேடாக வளர்ந்தது. வணிகத் தளங்களிடம் அது பிற்காலத்தில் ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம் பெற்றது. 1998இல் தோன்றிய திறந்தநிலைப் பெயரேடு, சுருக்கமாக டிமோஸ் எனப்பட்டது, கட்டணமின்றித் தொண்டர்களால் நடத்தப்பட்டது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தொண்டர் பொறுப்பேற்று, வரும் விண்ணப்பங்களைத் தாமே திறந்து படித்துப் பார்த்துச் சேர்ப்பார், அல்லது தள்ளுவார். இடம் கிடைக்கப் பல திங்கள் காத்திருந்தவர்களும் உண்டு.

அதே 1998இல் கூகுள் தோன்றியது. எந்தத் தளத்தை எத்தனை தளங்கள் சுட்டுகின்றன, சுட்டுவோர் எத்தகையோர் என்று கணித்துத் தானே வரிசைப்படுத்தும் முறை அதனுடையது. மக்கள் பட்டியலைப் புரட்டுவதை விட்டுத் தேடத் தொடங்கினர். யாஹூ பெயரேடு 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் டிமோஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. டிமோஸின் தொண்டர் சிலர் கர்லி என்னும் பெயரில் அப்பணியைத் தொடர்கின்றனர். எனினும் அதில் இடம் பெறுவதால் கொப்பரை விற்கும் என்று நாம் சொல்லமாட்டோம்.

பெயரேடுகளின் காலமே முடிந்துவிட்டது என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மை. பொதுவான பெரும் பட்டியல்கள் மறைந்தன. குறித்த நோக்கமுடைய பட்டியல்கள் பெருகிவிட்டன. அவற்றுள் நமக்கு வேண்டுவன எவை என்பதைத் தெரிந்து கொள்வதே முதல் வேலை.

ஊராட்சிகளுக்கு முதன்மையானது, மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சிப் பெயரேடு. நாட்டின் ஒவ்வொரு ஊராட்சிக்கும் வருவாய்க் கிராமத்திற்கும் அதில் ஒரு குறியீட்டு எண் உண்டு. கொங்கு நாட்டில் கணபதிபாளையங்கள் எத்தனை, காளிபாளையங்கள் எத்தனை! ஒரே வகுப்பில் மூன்று பழனிச்சாமிகள் இருந்தால் வாத்தியார் எண்ணிட்டு அழைப்பதுபோல, பெயர் ஒன்றாயினும் எண் வேறாக இருப்பதால் குழப்பம் தீர்கிறது. 2020 ஏப்ரல் 24இல் தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் திட்டமும் கணக்கும் இந்த எண்ணைக் கொண்டே அடையாளம் காணப்படுகின்றன. உறுப்பினர்கள் ஒரு முறையேனும் தம் ஊராட்சியை அதில் தேடிப் பார்க்கவேண்டும். பெயரில் எழுத்துப் பிழை இருப்பின் தாமே திருத்த இயலாது. வட்டார அலுவலகத்திற்கு எழுதினால் உரிய வழியில் மேலே அனுப்பப்படும்.

அடுத்தது, தேசியத் தகவலியல் மையம் நடத்தும் ஒருங்கிணைந்த அரசு இணையப் பெயரேடு. மத்திய அரசு, மாநில அரசு, மாவட்டங்கள் என்று வகுத்து அரசுத் தளங்களை மட்டும் அது தொகுக்கிறது. அரசு அமைப்புகளுக்கே உரிய 'ஜிஓவி டாட் இன்' என்னும் முடிவுடைய முகவரியில் ஊராட்சியின் பக்கம் இருப்பது நலம். தனியார் பெயரில் வாங்கிய முகவரியில் ஊராட்சி முத்திரையைப் போட்டு நடத்தினால், அது உண்மையானதா போலியா என்று வெளியாருக்கு எப்படித் தெரியும்?

ஊராட்சியைத் தேடிவரப் போகிறவர் யார் என்று கேட்கலாம். காரமடை ஒன்றியத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையைச் சொந்தமாக அமைத்தபோது, பிற மாநிலத்தாரும் வெளிநாட்டாரும் அதைக் காண வந்தனர். செய்தித்தாளில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஊர் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது என்ற இரண்டும் வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், வீட்டு வரி கட்டவேண்டுமானால் இவ்விரண்டே வேண்டும்.

இனி விவசாயிகளின் நிறுவனங்களுக்கு வருவோம். 2002ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத் திருத்தத்தால் விளைவிப்போர் பத்துப் பேர் கூடினாலே உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம் என்றாயிற்று. 2020இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இவை இடம் பெறவேண்டிய பட்டியல்கள் பல. 2016 ஏப்ரல் 14இல் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தை ஒன்று. மாநில அரசின் உழவன் செயலி மற்றொன்று. ஏற்றுமதி எண்ணம் உடையோர் அபேடா என்னும் வேளாண் ஏற்றுமதி ஆணையத்திலும், மஞ்சளாயின் நறுமணப் பொருள் வாரியத்திலும் பதிய வேண்டும். வாங்குவோர் முதலில் பார்ப்பது அத்தகைய பட்டியல்களையே. தனியார் துறையில் ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் இரண்டும் 1996இல் தோன்றியவை. முன்னது தொலைபேசியில் கேட்டால் எண் சொல்லும் பணியாகவும், பின்னது நம் நாட்டு ஏற்றுமதியாளரின் இணையப் பட்டியலாகவும் தொடங்கின. இவற்றில் அடிப்படைப் பதிவுக்கும் கட்டண விளம்பரத்திற்கும் வேறுபாடு உண்டு. முன்னதைச் செய்து பலன் பார்த்த பிறகே பின்னதைப் பற்றி நிர்வாகக் குழு எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் உடனடிப் பயன் தருவது கூகுளின் வணிகப் பதிவு. வரைபடத்தில் தோன்றுவது இதுவே. இதற்குக் கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கொண்டு பதிந்தால், தொலைபேசி வழியாகவோ, இடத்தைக் காட்டும் வீடியோப் படத்தின் வழியாகவோ சரிபார்ப்பார்கள். வீடியோ கேட்டால் பெயர்ப்பலகை, சாலை, உலர்களம், கிடங்கின் உட்புறம் ஆகியவை தெளிவாகத் தெரியுமாறு ஒரே ஓட்டமாக எடுக்கவேண்டும். பெயர்ப்பலகை இல்லாத நிறுவனம் முதலில் பலகையைத் தொங்கவிடட்டும்.

வரைபடக் குறியை எங்கே குத்துவது என்பது சிறு செய்தியாகத் தோன்றும். நம் தென்னை நிறுவனத்தின் குறி கிடங்கின் பின்புற வாய்க்காலை ஒட்டி இருந்தது. அதை நம்பி வரும் லாரி இட்டேரிக்குள் புகுந்து திரும்ப வழியின்றி நிற்கும். சுமை வண்டி வரக்கூடிய வாசலில் குறியை வைத்து, முகவரியில் கதவு எண்ணோடு, வெளியூராருக்கும் விளங்கும்படி அருகிலுள்ள கோயிலையோ பேருந்து நிறுத்தத்தையோ சேர்த்தால் நலம்.

பதிவுக்கு முன் செய்யவேண்டியன சில உண்டு. தளம் முழுமையாக இருக்கவேண்டும். "பணி நடைபெறுகிறது" என்ற பலகை தொங்கும் தளத்தை டிமோஸ் தொண்டர்கள் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவர். இன்று வாங்க வருகிறவரும் அவ்வாறே தள்ளுகிறார். சரக்கு என்ன, எந்தத் திங்களில் எவ்வளவு கிடைக்கும், கொப்பரையின் ஈரப்பதம் என்ன, யாரோடு பேசுவது ஆகியவை முதற்பக்கத்திலேயே இருக்கவேண்டும். தலைவர் பொன்னாடை பெறும் படம் அடுத்த பக்கத்திற்குப் போகலாம். உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, வீட்டுத் தொலைபேசி எண் போன்றவற்றை எந்தப் பக்கத்திலும் வெளியிடலாகாது.

பெயரேட்டிற்குக் கொடுக்கும் விளக்கம் இரண்டு மூன்று வரிக்கு மேற்படலாகாது. நம் நிறுவனத்தார் முதலில் எழுதித் தந்தது: "கொங்கு மண்ணின் ஈடு இணையற்ற, உலகத்தரம் வாய்ந்த, முதலிடம் பெற்ற தேங்காய் நிறுவனம்." இதில் வாங்குவோருக்கு வேண்டிய செய்தி ஒன்றுமில்லை. தற்பெருமைச் சொற்களைப் பழைய பெயரேட்டுத் தொண்டர்கள் அடித்துவிடுவது வழக்கம். அவ்வழக்கத்தை நாமே மேற்கொண்டோம். திருத்தியபின் அது இவ்வாறு அமைந்தது: "பொள்ளாச்சிப் பகுதித் தென்னை விவசாயிகளின் நிறுவனம். வெயிலில் உலர்த்திய அரவைக் கொப்பரை, மரச்செக்கு எண்ணெய் மொத்த விற்பனை. வார இருப்பும் விலையும் தளத்தில் உண்டு." வார இருப்பு உண்டு என்று எழுதிவிட்டால் வாரந்தோறும் எழுதத்தான் வேண்டும் என்று செயலரிடம் அப்போதே சொல்லிவைத்தோம்.

வகையைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தவறுகின்றனர். 'வேளாண்மை' என்ற பெருந்தலைப்பின்கீழ்ப் போட்டால் உர வணிகரோடும் டிராக்டர் முகவரோடும் கலந்து நம் பெயர் மறைந்துவிடும். 'கொப்பரை மொத்த விற்பனை', 'தேங்காய் எண்ணெய் உற்பத்தி' என்று எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கவேண்டும். பொள்ளாச்சி வண்டி காந்திபுரத்தில் நின்று பயனில்லை அன்றோ?

மிகுந்த தொல்லை தருவது எழுத்துக் கூட்டல். தமிழ் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒருவர் 'த'வுக்கு ஓரெழுத்தும் இன்னொருவர் ஈரெழுத்தும் இடுவர். 'பாளையம்' நான்கைந்து வகையாக எழுதப்படுவதை நம் பதிவேடுகளிலேயே கண்டிருக்கிறோம். தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒலிப்பு நியாயம் எதுவாயினும், நிறுவனப் பதிவுச் சான்றிதழில் எப்படி உள்ளதோ அப்படியே எல்லாப் பட்டியல்களிலும் எழுதுவதே வழி. பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் இருந்தால், தேடற்பொறி இரண்டு நிறுவனங்கள் என்று எண்ணிவிடக்கூடும். தமிழ்ப் பெயரையும் உடன் சேர்க்கத் தயங்கவேண்டாம்.

இனிச் சாவியைப் பற்றிச் சொல்லவேண்டும். தளத்தின் முகவரிப் பெயர் ஆண்டுச் சந்தாவில் பெறுவது. வாங்கினோம் என்று சொன்னாலும் உண்மையில் குத்தகைதான். தவணை தவறினால் சில காலத்திற்குப் பின் அதை வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆதலின் அது நிறுவனத்தின் பெயரிலேயே, நிறுவனத்தின் மின்னஞ்சலிலேயே, நிறுவனத்தின் சிம் எண்ணிலேயே இருக்கவேண்டும். அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் இருத்தல் கூடாது. கடவுச்சொற்களை ஓர் உறையிலிட்டு ஒட்டிச் சொத்துப் பத்திரத்தோடு பெட்டியில் வைக்கலாம். நிர்வாகி மாறும்போது பணப்பெட்டிச் சாவியோடு இதையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் பெறவேண்டும். இலவசமாகக் கிடைப்பதையே முழுதும் நம்புவதும் சரியன்று. கூகுள் வணிகப் பதிவோடு இலவசமாகக் கிடைத்துவந்த சிறு தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, அதையே தம் தளமாகக் கொண்டிருந்த சிறு கடைக்காரர்கள் வேறு முகவரி தேட நேர்ந்தது.

ஏமாற்றுவோர் இத்துறையிலும் உளர். "ஐந்நூறு பெயரேடுகளில் உங்கள் தளத்தைச் சேர்த்துத் தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு வருவர். எவரும் பாராத அந்தப் பட்டியல்களால் பயனில்லை என்பதோடு, தரம் குறைந்த பெயரேடுகளில் இணைப்புகளைக் குவிப்பதைக் கூகுள் தன் விதிகளில் முறைகேடாகவே குறித்துள்ளது. வேறு சிலர் கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பணம் கட்டாவிட்டால் பதிவு நீங்கிவிடும் என்று அச்சுறுத்துவர். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பர். எக்காரணத்தாலும் அதைச் சொல்லலாகாது. பணம் போய்விட்டால் காலம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். நம் வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தார் ஐந்நூறு பட்டியலுக்காகக் கொடுத்த தொகையில் நல்ல தராசு ஒன்று வாங்கியிருக்கலாம்.

பதிந்தவுடன் தேடலில் வரவில்லையே என்று சோர்வடைய வேண்டாம். தேடற்பொறி புதிய தளத்தைக் கண்டறிந்து படிக்கச் சில நாள்களோ வாரங்களோ ஆகும். கூகுளின் சர்ச் கன்சோல் என்னும் பகுதியில் தள முகவரியை நாமே தெரிவித்தால் அது விரைவுபடும். அதன்பின் மூன்று திங்களுக்கு ஒருமுறை, நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரின் கைப்பேசியில் தேடச் செய்து, தோன்றும் எண்ணை அழைத்துப் பார்க்கவேண்டும். ஊராட்சிகள் இதைக் கிராம சபையோடு இணைத்துக்கொள்ளலாம். 2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றுள் நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி நாள் கூட்டம், இதற்குப் பொருத்தமானது. கூட்டத்திலேயே ஓர் இளைஞரை எழுப்பி ஊராட்சியின் பெயரைத் தேடச் சொல்லி, வருவதை உரக்கப் படிக்கச் செய்தால் பிழைகள் தாமே வெளிப்படும். எடுத்தவுடன் மணியடிக்கவேண்டிய எண், ஓய்வு பெற்ற எழுத்தருடையதாக இருக்கவும் கூடும்.

தென்னை நிறுவனத்தின் பதிவுகளைத் திருத்த ஒரு திங்களுக்கு மேலாயிற்று. வரைபடப் பதிவின் உரிமையை மாற்றித் தர அந்தத் திருப்பூர் இளைஞரின் ஒப்புதல் தேவைப்பட்டது; அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். புதிய எண் செயலரின் மேசையில் இருக்கிறது. அவர் களத்திற்குப் போகும்போது காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். வெள்ளகோவில் ஆலையார் மீண்டும் அழைத்து மாதிரி கேட்டிருக்கின்றனர். ஒரு தனியார் பட்டியலில் மட்டும் பழைய எண் இன்னும் மாறவில்லை. இருமுறை எழுதியாயிற்று. அதுவரை, தமக்கு வரும் அழைப்புகளுக்கு நிறுவனத்தின் புதிய எண்ணைச் சொல்லி அனுப்புவதாக அவ்விளைஞர் ஒப்புக்கொண்டுள்ளார்.